பார்க்கிறார்கள், பிடிக்கிறதா, நம்புகிறார்களா? சண்டைக்கார டிவி நெறியாளரைப் பற்றிக் கொங்கு ஊர்களில் கருத்துக் கேட்கும் முறை

இரவு எட்டு மணி விவாதத்தில் விருந்தினரைப் பேச விடாமல் மடக்கி மடக்கிக் கேட்கும் நெறியாளரைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருப்பதுபோலத்தான் தெரியும். டீக்கடையில் பேச்செடுத்தால் போதும், 'வெளுத்து வாங்கறாருங்க' என்பார் ஒருவர், 'சும்மா கத்தறாருங்க' என்பார் இன்னொருவர். அதில் யார் நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்தவர், யார் வாட்ஸ்அப்பில் வந்த அரை நிமிடத் துண்டை மட்டும் பார்த்தவர், யார் பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவர் என்று பிரிக்காதவரை, 'மக்கள் கருத்து' என்று ஒரு வரிகூட எழுத முடியாது.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் 600 பேரிடம் முறையாகக் கேட்க நினைக்கும் கல்லூரி ஊடகத் துறை, வாசகர் வட்டம், சிறு பத்திரிகைக் குழு ஆகியோருக்கான வழிகாட்டி இது. எட்டுப் பேர் கொண்ட குழு, பன்னிரண்டு நாள் களவேலை. அதற்குள் முடியும்.

முதலில்: எதை அளக்கிறீர்கள்?

'அவரைப் பிடிக்குமா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு கிளம்புவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஆளைத் தெரியுமா, நிகழ்ச்சியைப் பார்க்கிறாரா, பிடிக்கிறதா, சொல்வதை நம்புகிறாரா, அதனால் எதையாவது மாற்றிக்கொள்கிறாரா என ஐந்து விஷயங்கள் இதில் தனித்தனியாக இருக்கின்றன. ஒருவர் தினமும் பார்ப்பார், பிடிக்காது. இன்னொருவருக்குப் பிடிக்கும், ஆனால் ஒரு வார்த்தையும் நம்பமாட்டார். சண்டைக்கார நெறியாளர் விஷயத்தில் இந்த இடைவெளி மற்ற செய்தியாளர்களைவிட அகலமாக இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் அரசியல் ஆய்வாளர் டயானா மட்ஸ் நடத்திய சோதனைகளில், ஒரே வாதத்தை அமைதியாகவும் முரட்டுத்தனமாகவும் பேசவைத்துக் காட்டினார்கள். முரட்டுப் பேச்சைப் பார்த்தவர்களுக்குக் கவனம் கூடியது, நினைவிலும் நின்றது. ஆனால் எதிர்த்தரப்பின் மேல் இருந்த மதிப்பும் அரசியலின் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்தன. ஆகவே சத்தம் ஆளை உட்காரவைக்கும், ஆனால் நம்பவைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டிஆர்பி இருக்கிறதே, அதுவே போதாதா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். போதாது. டிஆர்பி சொல்வது எந்த வீட்டில் எந்தச் சேனல் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை மட்டும்தான். அதிலும் 2020 அக்டோபரில், மும்பைப் போலீஸ் டிஆர்பி முறைகேடு வழக்கை வெளிப்படுத்திய பிறகு, அந்தக் கணக்கை எடுக்கும் பார்க் இந்தியா நிறுவனம் செய்திச் சேனல்களின் வாராந்திரக் கணக்கை நிறுத்தி வைத்தது. 2022 மார்ச்சில்தான் மறுபடி வெளியிட்டது, அதுவும் நான்கு வாரச் சராசரியாக. பார்வையாளர் எண்ணிக்கை ஒருவரின் ஏற்பைக் காட்டாது என்பதற்கு அமெரிக்க டிவி நெறியாளர் பில் ஓரைலி நல்ல எடுத்துக்காட்டு. ஃபாக்ஸ் நியூஸில் 1996 முதல் அவர் நடத்திய நிகழ்ச்சி கேபிள் செய்தியில் முதலிடத்தில் இருந்தபோதே, பாலியல் தொல்லைப் புகார்களைப் பணம் கொடுத்துத் தீர்த்த செய்தி வெளியாகி விளம்பரதாரர்கள் விலகினார்கள். 2017 ஏப்ரலில் நிறுவனமே அவரை அனுப்பிவிட்டது. அந்த மாதமும் ரேட்டிங் உச்சத்தில்தான் இருந்தது.

நிகழ்ச்சியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

கேள்வித்தாள் எழுதும் முன், அடுத்தடுத்த ஐந்து நிகழ்ச்சிகளைப் பதிவில் வைத்து, இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து குறிக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஒன்று, கோடு போட்ட தாள் ஒன்று. ஒவ்வொரு விருந்தினரும் பேசிய மொத்த விநாடி, அவர் வாக்கியம் முடியும் முன் நெறியாளர் புகுந்த தடவை, மைக் அடைக்கப்பட்ட தடவை, கேள்விக்குள்ளேயே பதிலைத் திணித்த தடவை. இருவர் எண்ணிக்கையும் பத்துக்கு ஒன்றுக்கு மேல் விலகினால், 'குறுக்கீடு' என்பதற்கு நீங்கள் வைத்த விளக்கம் தெளிவாக இல்லை என்று பொருள். திருத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

இந்த வேலை சலிப்பூட்டும். ஆனாலும் விடாதீர்கள். 'ஆளுங்கட்சிக்காரரை மட்டும்தான் மடக்குகிறார்' என்று களத்தில் பாதிப் பேர் சொல்லும்போது, அது நிகழ்ச்சியில் நடக்கிறதா, பார்ப்பவர் மனதில் நடக்கிறதா என்று சொல்ல உங்களிடம் வேறு அளவுகோல் கிடையாது. 1985இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வொன்றில், பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்புமே அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னது. நம் ஊர் விவாதத்திலும் இதை எதிர்பார்த்தே போங்கள்.

ஊர் வார்த்தைகளைச் சேகரிப்பது

பன்னிரண்டு நாள் களவேலைக்கு முன்பே இதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள், குறைக்காதீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி வாசல் பேக்கரி, பள்ளிபாளையம் விசைத்தறிப் பகுதி, பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடுகள், கரூர் பஸ் பாடி பட்டறை என நான்கு விதமான இடங்களில் இருபது இருபத்தைந்து பேரிடம் வெறுமனே பேசவிட்டு, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். 'நறுக்குனு கேக்கறாரு', 'பேசவே விடறதில்லை', 'மூஞ்சிக்கு நேரா கேக்கற தைரியம்', 'ஒரு பக்கமாப் பேசறாரு', 'எகத்தாளம்', 'ரவுசு' என்று ஒரு பட்டியல் சேரும். கேள்வித்தாளில் 'ஆக்ரோஷமான நெறியாளுகை' என்று போட்டால் யாருக்கும் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள், அது இன்னும் மோசம்.

இந்தச் சொற்களில் எட்டைத் தேர்ந்து ஒரு அட்டையில் அச்சிடுங்கள். நான்கு புகழ்ச்சி, நான்கு குறை. 'எகத்தாளம்' மட்டும் இரண்டு பக்கமும் போகும். பிடித்தவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார், பிடிக்காதவர் முகம் சுளித்துச் சொல்வார். அந்தச் சொல்லைத் தொட்டவரிடம் உடனே 'அது உங்களுக்குப் புடிக்குதுங்களா, புடிக்கலீங்களா?' என்று கேட்டு, பதிலைத் தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும்.

அதைவிடச் சிக்கலான சொல் 'பரவாயில்லீங்க'. நன்றாகத்தான் இருக்கிறது, சுமார், குறை சொல்ல மனமில்லை என மூன்றுக்கும் கொங்கில் இதே பதில்தான் வரும். இதைக் கேட்டதும் 'நடுநிலை' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்தான் கணக்கைக் கெடுக்கிறவர். 'பரவாயில்லைன்னா நல்லாருக்குங்கறீங்களா, சுமாருங்கறீங்களா?' என்று ஒருமுறை கேளுங்கள். மறுபடியும் பரவாயில்லை என்றே வந்தால் அதற்கென்று தனிக் குறியீடு. 'அதெல்லாம் நமக்கெதுக்குங்க' என்பதையும் இப்படியே பிரிக்க வேண்டும். சிலருக்கு அது கருத்தில்லை, சிலருக்குச் சொல்ல விருப்பமில்லை. 'உங்களுக்குள்ள வெச்சுக்கற கருத்து இருக்குதுங்களா?' என்று கேட்டால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இன்னொன்று, பேச்சின் நடுவே வரும் 'ஆமாங்க'. அது ஒப்புதல் ஆகாது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற மரியாதை. ஆகவே 'இவர் நேர்மையானவர், ஒப்புக்கொள்கிறீர்களா?' என்ற வடிவத்தில் ஒரு கேள்வியும் இருக்கக்கூடாது. வீடு தேடி வந்தவருக்கு இல்லை என்று சொல்லாத ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்.

யாரைக் கேட்பது

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கோவை 34.58 லட்சம், திருப்பூர் 24.79, ஈரோடு 22.52, நாமக்கல் 17.27, கரூர் 10.64. மொத்தம் கிட்டத்தட்ட 109.8 லட்சம். நாற்பது இடங்களை இந்த விகிதத்தில் பிரித்தால் கோவைக்கு 13, திருப்பூருக்கு 9, ஈரோட்டுக்கு 8, நாமக்கல்லுக்கு 6, கரூருக்கு 4 வரும். இடத்துக்கு 15 பேர், ஆக 600.

இருபது இடத்தில் முப்பது முப்பது பேர் கேட்டால் பஸ் செலவு பாதியாகுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி நினைப்பார்கள், முப்பதாவது ஆள் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது. ஒரே ஊர்க்காரர்களின் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை 0 முதல் 1 வரை அளக்கும் எண்ணை 0.05 என்று வைத்துக்கொண்டால், நாற்பது இடம் எடுத்த 600 பேர் ஏறக்குறைய 353 தனித்தனி ஆட்களுக்குச் சமம், பிழை கூடக் குறைய 5.2 சதவீதம். இருபது இடம் எடுத்த அதே 600 பேர் 245க்குத்தான் சமம், பிழை 6.3 சதவீதம்.

இடத்தைத் தேர்வது வாக்குச்சாவடி வழியாக. மாவட்டத்திலுள்ள சாவடிகளைத் தொகுதி வரிசையில் அடுக்கி, வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தத்தை உங்களுக்கு வேண்டிய இட எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். முதல் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பெரிய சாவடிக்குப் பெரிய வாய்ப்பு, சின்னதற்குச் சின்னது என்று தானாக அமையும். சாவடிக்குள் ஆளைத் தேர்வதும் இதே மாதிரிதான். சாவடியின் வாக்காளர் பட்டியலில் 1,080 பெயர் இருந்து 30 பெயர் வேண்டுமென்றால் 36க்கு ஒன்று. குலுக்கலில் 17 வந்தால் 17, 53, 89 என்று போகும்.

15 பேருக்கு ஏன் 30 பெயர்? இறந்தவர், குடிபோனவர், மறுப்பவர் போக மீதி வேண்டுமே. ஆனால் முப்பது பேரையும் ஒரே நேரத்தில் தேடிக் கிளம்பி, முதலில் கிடைத்த பதினைந்தோடு நிறுத்திவிட்டால், வீட்டில் சும்மா இருப்பவர்கள் மட்டும் சேர்வார்கள். முப்பதையும் குலுக்கி வரிசைப்படுத்தி, முதல் இருபதை மட்டும் கையில் கொடுங்கள். ஒவ்வொருவரையும் வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை தேட வேண்டும். அப்போதும் 15 தேறாவிட்டால் அடுத்த ஐந்து பெயர், அந்த ஐந்துக்கும் அதே மூன்று முறை. குலுக்காமல் பட்டியல் வரிசையிலேயே இருபது எடுத்தால், கடைசித் தெருக்கள் முழுசாக விட்டுப்போகும். பல ஊர்களில் ஊரைத் தள்ளி இருக்கும் குடியிருப்புகள் பட்டியலின் கடைசியில்தான் வருகின்றன. அவர்களை விட்டுவிட்டு எடுத்த கருத்துக்கு ஊர்க் கருத்து என்று பெயர் வைக்கக்கூடாது.

திருப்பூரிலும் கோவை நகரிலும் பட்டியலுக்கு ஒரு பெரிய ஓட்டை. லைன் வீடுகளில் இருக்கும் தென்மாவட்டத்துக்காரர்களில் நிறையப் பேருக்கு ஓட்டு சொந்த ஊரில்தான். எனவே இந்த இடங்களில் மட்டும், தேர்ந்த வீட்டுக்கு வலப்பக்கத்து வீட்டில் உள்ளூர்ப் பட்டியலில் பெயரில்லாத, 18 வயது நிறைந்த, தமிழில் செய்தி பார்க்கிறவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பலர் இருந்தால், கடைசியாகப் பிறந்தநாள் வந்தவரைக் கேளுங்கள். இவர்களைத் தனி நிறத் தாளில் பதிந்து, தனியாகவே எண்ணுங்கள்.

டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, வாரச்சந்தையில் கூட்டமாக நிற்கும் ஆட்களிடம் எடுப்பது வேகமாக முடியும். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் ஆண்கள், அதிலும் சத்தமாகப் பேசுகிறவர்கள். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில் சீட்டுகளை வைத்துக்கொண்டு லேண்டன் ஜெயிப்பார் என்றது, ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். ஆளை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதில் கோளாறு இருந்தால் எண்ணிக்கை அதைச் சரிசெய்யாது. யூடியூபில் ஓட்டுப் போடச் சொல்லி எடுக்கும் கணக்கும் இதே ரகம்.

கேள்விகள்

பேட்டி பதினைந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. வரிசை மாறக்கூடாது.

1. முகம் காட்டுவது. பெயரில்லாத நான்கு படங்கள்: உங்கள் நெறியாளர், அமைதியாக நடத்தும் வேறொரு நெறியாளர், எல்லோருக்கும் தெரிந்த செய்தி வாசிப்பாளர், யாருக்குமே தெரியாத ஒருவர். நான்காவது படத்துக்கு வேறு மாவட்டத்து நண்பர் யாரையாவது எழுத்தில் சம்மதம் வாங்கிப் பயன்படுத்துங்கள். 'இவங்கள்ல யாரை டிவியில பாத்திருக்கீங்க?' நான்காவது ஆளைப் பார்த்திருப்பதாகச் சொல்பவர்கள் எத்தனை சதவீதமோ, அந்த அளவுக்கு மற்றப் படங்களின் கணக்கிலும் மிகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

2. எப்படிப் பார்த்தார். 'போன ஏழு நாள்ல இவரு நடத்தற விவாதத்தை டிவியில முழுசாப் பாத்தீங்களா, செல்லுல முழுசாப் பாத்தீங்களா, துண்டு துண்டாப் பாத்தீங்களா, மீம்ஸ் மட்டுமா, இல்லவே இல்லீங்களா?' இந்த ஒரு கேள்வி இல்லாத கருத்துக்கணிப்பு வீண். துண்டு மட்டும் பார்த்தவர் பார்த்தது நெறியாளர் மிகச் சத்தமாக இருந்த அரை நிமிடம். அவர் கருத்தையும், முழு நிகழ்ச்சி பார்த்தவர் கருத்தையும் ஒரே சதவீதத்தில் கலந்தால் இருவரையும் பற்றி எதுவும் தெரியாது.

3. ரிமோட் யார் கையில். எட்டு மணிக்குப் பல வீடுகளில் சீரியல் ஓடும். ஒரே டிவி உள்ள வீட்டில் விவாதம் பார்ப்பது விருப்பத்தால் மட்டும் நடப்பதில்லை.

4. மார்க். 'நூத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?' பிடித்ததற்கு ஒரு மார்க், நம்புவதற்கு ஒரு மார்க், தனித்தனியாக. ஒன்று முதல் ஐந்து வரை என்ற அளவுகோல் வயதானவர்களிடம் தடுமாறும், நூற்றுக்கு மார்க் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் 35 நம் ஊரில் பாஸ் மார்க் என்பதை மறக்கக்கூடாது. பதில்கள் 35, 50, 75, 100 ஆகிய இடங்களில் குவியும். அதனால் 47.3 என்று சராசரி போட்டு எழுதுவது பொய்த் துல்லியம். 35க்குக் கீழே, 35 முதல் 59, 60ம் அதற்கு மேலும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

5. இருபக்கக் கேள்வி. 'சில பேரு, அரசியல்வாதியைக் குறுக்க கேட்டாத்தான் உண்மை வரும்ங்கறாங்க. வேற சில பேரு, பேச விடாட்டி உண்மை எப்படி வரும்ங்கறாங்க. நீங்க எந்தப் பக்கமுங்க?' ஒற்றைப்படை எண் தாளில் ஒரு வரிசை, இரட்டைப்படையில் தலைகீழ். கடைசியாகக் கேட்டதைச் சொல்லும் பழக்கம் இதில் அடிபட்டுப்போகும்.

6. குறுக்கீடு யார்மேல். தாள்களில் பாதியில், 'மாநிலத்தை ஆளும் கட்சிக்காரரை ஒரு நெறியாளர் ஆறு தடவை குறுக்க மடக்குனாரு, அது சரிங்களா?' மறுபாதியில் கட்சியை மட்டும் 'மாநிலத்துல எதிர்க்கட்சி' என்று மாற்றுங்கள். வெறும் 'ஆளுங்கட்சி' என்று எழுதாதீர்கள், சிலர் கோட்டையை நினைப்பார்கள், சிலர் டெல்லியை. இரு பாதிக்கும் முந்நூறு முந்நூறு பேர். 'சரி' என்றவர்களின் சதவீதத்தில் வித்தியாசம் 8 புள்ளிக்குக் குறைவாக இருந்தால் வித்தியாசம் உண்டென்று எழுத வேண்டாம்.

7. உங்களுக்கும் ஊருக்கும். 'அவரு பேசறதால உங்க முடிவு மாறுதுங்களா?', 'ஊர்ல மத்தவங்க முடிவு மாறுதுங்களா?' 1983இல் டேவிசன் என்ற சமூகவியலாளர் 'மூன்றாம் நபர் விளைவு' என்று பெயரிட்டு எழுதியதுதான் இது. ஊடகம் தன்னைவிடப் பிறரைத்தான் அதிகம் மாற்றுகிறது என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். இரண்டு பதிலுக்கும் உள்ள தூரம்தான் இங்கே செய்தி.

8. நடத்தை. 'பசங்க கூட உக்காந்திருக்கறப்ப அந்த நிகழ்ச்சியை வைப்பீங்களா?', 'அவரு வேற சேனலுக்குப் போயிட்டா நீங்களும் மாத்துவீங்களா?' பிடிக்கும் என்று சொன்னவரின் பிடிப்பு எவ்வளவு ஆழம் என்பது இந்த இரண்டில் தெரிந்துவிடும். அர்ணாப் கோஸ்வாமி 2016இல் டைம்ஸ் நௌவை விட்டு 2017 மேயில் ரிபப்ளிக் தொடங்கியபோது கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்: பார்வையாளர் இருப்பது ஆளிடமா, சேனலிடமா?

சொல் அட்டை, வயது, படிப்பு, தொழில் எல்லாம் கடைசியில். கட்சிச் சாய்வை வாயால் கேட்காதீர்கள். கட்சிப் பெயர்கள் அச்சிட்ட சீட்டில் அவரே குறியிட்டு, மடித்து, தாள் எண் போட்ட உறைக்குள் ஒட்டிக் கொடுக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் இது நடக்கும்.

சாதியைக் கேட்பதில் நியாயமான காரணம் இருந்தாலொழிய கேட்க வேண்டாம். ஆனால் உங்களைக் கேட்பார்கள். 'எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்க?' என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விதான். எல்லாப் பேட்டியாளரும் ஒரே பதில் சொல்லப் பழக வேண்டும்: கல்லூரி அல்லது குழுவின் பெயர், தங்கியிருக்கும் ஊர், அவ்வளவுதான். உங்கள் பக்கம் தெரிந்துவிட்டால் அதற்கு ஏற்ற பதில்தான் வரும்.

களத்தில்

ஆண் ஒருவர், பெண் ஒருவர் என நான்கு ஜோடி. ஜோடிக்கு நாளுக்கு ஒரு இடம், பத்து நாளில் நாற்பது இடம், விட்டுப்போனவர்களைத் தேட இரண்டு நாள்.

ஜோடியாகப் போவது பாதுகாப்புக்கு மட்டுமில்லை. வீட்டுக்கார அம்மாவின் பெயர் பட்டியலில் வந்திருக்கும். அவர் வாய் திறப்பதற்குள் கணவர், 'அவளுக்கு என்னங்க தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கங்க' என்பார். வாக்குவாதம் வேண்டாம். ஆண் பேட்டியாளர் வாசலுக்கு நகர்ந்து, 'அண்ணா, உங்களுக்குன்னு தனியா நாலு கேள்வி இருக்குதுங்க' என்று கேபிளா டிஷ்ஷா, மாதம் எவ்வளவு, எத்தனை டிவி என்று கேட்கத் தொடங்கட்டும். திண்ணையில் இது நடக்கும் நேரத்தில், உள்ளே பெண் பேட்டியாளர் அம்மாவிடம் மார்க் கேள்விகளை முடித்துவிடலாம். இதைச் செய்யாத குழுக்களின் தாளில் பெண்கள் பதிலும் ஆண்கள் பதிலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவரை வார நாளில் பிடிக்க முடியாது, ஞாயிறு காலை பத்து முதல் ஒரு மணி வரைதான். விசைத்தறி ஊர்களில் தறிச் சத்தத்தில் கேள்வி காதில் விழாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று முன்கூட்டியே பேப்பரில் வரும், அன்றைக்குப் போனால் தறி நின்று ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில், காலைப் பால் வேலை முடிந்து பத்து மணிக்கு மேல். நாயைக் கட்டச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டே படியேறுங்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரியிலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலும் போனவர் வாரக்கணக்கில் வரமாட்டார். அவருக்குப் பதில் தம்பியைக் கேட்காதீர்கள், நம்பர் வாங்கிப் போனில் கேட்டு, போன் பேட்டி என்று குறியுங்கள்.

'பொழுதோட வாங்க' (சாயங்காலம் வாங்க) என்றால் மறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், நேரம் சொன்னால் உண்மையாகவே கூப்பிடுகிறார்கள். ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும் வீட்டில் மட்டும் உட்காராதீர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லிவிடுவார்கள்.

பத்துக்கு ஒரு பேட்டியை, அதாவது 60ஐ, மேற்பார்வையாளர் போனில் சரிபார்க்க வேண்டும். வயது, காட்டிய படங்கள், எத்தனை நிமிடம் ஆனது என்ற மூன்றும் போதும். ஆறு நிமிடத்துக்குள் முடிந்த தாள், தொடர்ந்து ஒரே மார்க் வரும் தாள் இரண்டையும் தனியே எடுத்து வையுங்கள். ஆளைக் கேட்காமலே திண்ணையில் உட்கார்ந்து எழுதிய தாள்கள் அதில்தான் இருக்கும்.

கணக்கும் வெளியீடும்

எக்செல் போதும். இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி ஒப்பிடுங்கள். 'தெரியாது' என்பதற்கு 88 என்று குறியீடு வைத்தால் அது மார்க்காகக் கலந்துவிடும், 888, 999 என்று வையுங்கள்.

ஆண் பெண் எடை போடாமல், அதாவது தாளில் கிடைத்த விகிதத்தை ஊரில் உள்ள விகிதத்துக்குச் சரிசெய்யாமல், வெளியிடக்கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு: 600 தாளில் பெண்கள் 38 சதவீதம், ஆண்கள் 62. நெறியாளருக்கு 60 மார்க்குக்கு மேல் போட்டவர்கள் பெண்களில் 28, ஆண்களில் 46 சதவீதம். அப்படியே கூட்டினால் 39.2. பாதிக்குப் பாதி என்று எடை சரிசெய்தால் 37. வயதுக்கும் இதே மாதிரி செய்ய வேண்டும்.

முழு நிகழ்ச்சி பார்த்தவர்கள் 150 பேர் தேறினால், அவர்கள் கருத்துக்குப் பிழை கூடக் குறைய 10 சதவீதம். அதை மறுபடி மாவட்டவாரியாக வெட்டி 'கரூர் வெறுக்கிறது, கோவை ரசிக்கிறது' என்று தலைப்புப் போடுவது படிக்கிறவருக்குச் செய்யும் அநியாயம்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் களவேலைத் தேதிகள், எத்தனை பேரைத் தேடி எத்தனை பேர் பதில் சொன்னார்கள், பிழை அளவு, பணம் கொடுத்தது யார், கேள்விகளின் அப்படியே சொற்கள் ஆகியவை இருக்க வேண்டும். அட்டவணையில் 'பார்க்கிறார்', 'பிடிக்கிறது', 'நம்புகிறார்' மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வரட்டும், ஒன்றாகக் கூட்டி ஒரே 'செல்வாக்கு மதிப்பெண்' செய்துவிடாதீர்கள். கட்சிச் சீட்டின் முடிவும் அதில் இருந்தால், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அதை ஒளிபரப்பக்கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சொல்கிறது. சரிபார்க்க வாங்கிய போன் எண்களைத் தாளிலிருந்து பிரித்து வைத்து, சரிபார்ப்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள். அப்படித்தான் சொல்லி வாங்கினீர்கள்.

ஆறு மாதம் கழித்து மறுசுற்று எடுப்பதாக இருந்தால் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள், 'பரவாயில்லை'க்கு வைத்த குறியீடு உட்பட. இரு சுற்றிலும் 600 பேர், 40 இடம் என்றால், 7 புள்ளிக்கு மேல் தெளிவாக நகர்ந்தால்தான் ஊரின் கருத்து மாறியிருக்கிறது என்று எழுதலாம். மூன்று நான்கு புள்ளி நகர்வுக்கு 'மாற்றமில்லை' என்றே தலைப்புப் போடுங்கள்.